படித்துறைப் பேச்சு

அன்று, “வயிற்றுவலி கண்டு போயிட்டாளாம்” என்று திருவையாற்றுப் பக்கம் ஓர் இளம்பெண்ணின் சாவுச் செய்தி வந்தால், விவரம் தெரிந்த பெண்கள் மேற்கொண்டு கேட்க மாட்டார்கள். கருவைக் கலைக்க எருக்கங்குச்சி வைத்ததும், சீழ் பிடித்து ஜன்னி கண்டதும் காவிரிப் படித்துறையில் துணி அலசும்போதே பேசி முடிந்துவிடும். வீட்டுக்குள் அந்தப் பேச்சு வராது. 1860ஆம் ஆண்டு தண்டனைச் சட்டத்தின் 312ஆம் பிரிவு கலைத்துவிட்டவரை மட்டுமல்ல, கலைத்துக்கொண்டவளையும் குற்றவாளி என்றது. யார் வாய் திறப்பார்கள்?

பெண்ணின் வாயை அடைத்தது சட்டம் மட்டுமல்ல. இதே திருவையாற்றில் தியாகராஜர் ஆராதனையில் பெண்கள் பாடவே ஒரு காலத்தில் இடமில்லை. பெங்களூர் நாகரத்தினம்மாள் பெண்களைத் திரட்டித் தனியாகப் பாடவைத்த பிறகுதான் நிலைமை மாறியது. தஞ்சை அரசவையில் இருந்த முத்துப்பழனி எழுதிய ‘ராதிகா சாந்த்வனமு’ நூலை 1910இல் நாகரத்தினம்மாள் பதிப்பித்த பிறகு, ‘ஆபாசம்’ என்று ஆங்கிலேய அரசு தடை போட்டது. பெண்ணின் ஆசையைப் பெண்ணே எழுதினாள் என்பதுதான் குற்றம். தடை நீங்க 1947 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

கருக்கலைப்பு பற்றிய மௌனத்தையும் பெண்களே உடைத்த இடம் உண்டு: 1971 ஏப்ரலில் பிரான்சில் 343 பெண்கள், ‘நானும் கலைத்துக்கொண்டவள்தான்’ என்று கையெழுத்திட்டுப் பத்திரிகையில் அறிவித்தார்கள். அங்கே பேச்சு முந்தியது. கருக்கலைப்பை அனுமதிக்கும் சட்டம் 1975இல் வந்தது. நம் நாட்டில் அதே 1971இல் சட்டம் வந்துவிட்டது. சாந்திலால் ஷா குழு பரிந்துரைத்தது, நாடாளுமன்றம் நிறைவேற்றியது. எந்தப் பெண்ணும் தன் கதையைச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அதனாலேயே சட்டம் ஏட்டில் இருந்தது, ஊருக்குள் வரவில்லை.

இன்று எருக்கங்குச்சியின் இடத்தில் மாத்திரை இருக்கிறது. 2015இல் மட்டும் இந்தியாவில் சுமார் 1.56 கோடி கருக்கலைப்புகள் நடந்ததாக ஆய்வாளர்கள் மதிப்பிட்டார்கள். அவற்றில் ஏறக்குறைய முக்கால் பங்கு, மருத்துவமனைக்கு வெளியே மாத்திரையால் நடந்தவை. அப்படியென்றால் நம் தெருவிலும் நடந்திருக்கும். ஆனாலும் ஸ்கேன் சென்டர் சுவரில் ‘ஆணா பெண்ணா என்று கண்டறிவது குற்றம்’ என்ற பலகையைப் பார்த்துவிட்டு, கலைப்பதே குற்றம் என்று நினைப்பவர்கள் இன்னும் ஏராளம். சினிமாவிலும் அது பெரும்பாலும் வில்லன் வற்புறுத்திச் செய்விப்பது, அல்லது பாவம். தனக்குக் குழந்தை வேண்டாம் என்று ஒருத்தி நிதானமாக முடிவெடுப்பதைக் காட்ட மலையாளத்தில் 2021இல் ‘சாராஸ்’ என்ற படம் வர வேண்டியிருந்தது.

அதே ஆண்டு திருத்தப்பட்ட கருக்கலைப்புச் சட்டம், நோயாளியின் பெயரை வெளியிடும் மருத்துவருக்கு ஓராண்டு வரை சிறை என்கிறது. ரகசியம் காக்கும் கடமை மருத்துவருக்குத்தான்; சொல்வதும் சொல்லாததும் பெண்ணின் விருப்பம். 2022 செப்டம்பர் 29 அன்று உச்ச நீதிமன்றம், மணமாகாத பெண்ணுக்கும் மணமானவளுக்குள்ள அதே உரிமை உண்டு என்று தீர்ப்பளித்தது.

பதினெட்டு வயது நிரம்பியவளுக்கு அவள் சம்மதம் போதும், “வீட்டுக்காரர் கையெழுத்து எங்கேம்மா?” என்று கேட்கச் சட்டத்தில் இடமில்லை. கருக்கலைப்பை அனுபவித்து அறிந்த அக்காக்களும் அத்தைகளும் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். நீங்கள் அவர்களில் ஒருவரென்றால், விருப்பமிருந்தால், உங்கள் வீட்டுப் பெண்களிடமாவது வாய்விட்டுச் சொல்லுங்கள். அரசாங்க விளம்பரத்தைவிட அதற்கு வலு அதிகம்.