நான்கு ஃபிரேமில் மூன்று, கார்டு வரையாதவை

2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. 20ஆம் தேதி தீபாவளி. கெடுவும் தள்ளுபடியும் அடுத்தடுத்து வந்ததில், ‘கிராஃபிக்ஸ் கார்டை மாற்றியே ஆகவேண்டுமா?’ என்று கேட்டு வரும் கடிதங்கள் குவிந்துவிட்டன.

வேண்டியதில்லை. விண்டோஸ் 11 ஏறாமல் தடுப்பது பெரும்பாலும் பழைய பிராசசரும் டிபிஎம் 2.0 பாதுகாப்பு வசதி இல்லாத மதர்போர்டும்தான். 2016இல் வந்த ஜிடிஎக்ஸ் 1050 டிஐ கூட விண்டோஸ் 11 கேட்கும் கிராஃபிக்ஸ் வரம்பைத் தாண்டிவிடும். அந்தக் கார்டுக்கு வேறொரு கெடு இருப்பது உண்மை. 900, 1000 வரிசைக் கார்டுகளுக்குப் புது விளையாட்டுகளுக்கான டிரைவர் 2025 அக்டோபரோடு கடைசி என்று என்விடியா அறிவித்தது. அதற்குப் பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை பாதுகாப்புத் திருத்தம் மட்டும், 2028 அக்டோபர் வரை வரும். இன்று ஓடும் விளையாட்டு நாளையும் ஓடும். ஜிடிஎக்ஸ் 1650 வைத்திருப்பவர்களுக்கு இந்த அறிவிப்பு பொருந்தாது. ‘கெடு முடிந்துவிட்டது, கார்டை மாற்றுங்கள்’ என்று கடையில் சொன்னால், எந்தக் கெடு என்று கேளுங்கள்.

வாங்குவதென்று முடிவு செய்துவிட்டவர்களின் கடிதங்களில் ஒன்று தவளக்குப்பத்திலிருந்து வந்தது. எழுதியவர் கல்லூரி மாணவர். புதுச்சேரியில் ஒரு கடையில் தந்த கொட்டேஷன் சீட்டைப் படம்பிடித்து இணைத்திருந்தார். பிராசசர், மதர்போர்டு, ரேம், எஸ்எஸ்டி எல்லாவற்றுக்கும் மாடல் எண் இருக்கிறது. இருப்பதிலேயே விலை கூடிய பொருளுக்கு மட்டும் ‘8 ஜிபி கார்டு, 200+ எஃப்பிஎஸ்’ என்று பேனாவால் எழுதியிருக்கிறார்கள். ‘இது நல்ல கார்டா சார்?’ என்று கேட்கிறார். எந்தக் கார்டு என்றே அந்தச் சீட்டில் இல்லை. ஆனால் அந்த 200 எங்கிருந்து வந்திருக்கும் என்று ஊகிக்க முடிகிறது. கார்டு வாங்கும் எவரும் புரிந்துகொள்ள வேண்டிய விஷயம் அதுதான்.

அதற்குப் பெயர் ஃபிரேம் ஜெனரேஷன். கார்டு வரைந்த இரண்டு படங்களுக்கு நடுவே, அது வரையாத படங்களை ஏஐ ஊகித்துச் செருகுகிறது. செருகியவற்றையும் எஃப்பிஎஸ், அதாவது விநாடிக்கு எத்தனை படம் என்ற கணக்கில் சேர்த்துக்கொள்கிறார்கள். என்விடியாவின் 40 வரிசையில் ஒரு படத்துக்கு ஒன்று செருகினார்கள். 2025இல் 50 வரிசை வந்தபோது அதை மூன்று வரை உயர்த்தினார்கள்.

நடப்பது இதுதான். கார்டு ஒரு படத்தை வரைகிறது. அடுத்ததையும் வரைந்து முடிக்கிறது. ஆனால் அந்த அடுத்த படத்தை உடனே திரைக்கு அனுப்புவதில்லை. நடுவில் வரவேண்டியவை காட்டப்படும் வரை நிறுத்தி வைக்கிறது. முதல் படத்தில் எதிரி கதவுக்கு இடப்புறம், அடுத்ததில் வலப்புறம் என்றால், இடையில் அவன் எங்கெங்கே இருந்திருப்பான் என்று மூன்று நிலைகளை ஏஐ வரைந்து தருகிறது. திரையில் அசைவு வழுவழுவென்று ஓடுகிறது. பொறியியலாகப் பார்த்தால் அசத்தலான வேலை, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

சிக்கல் கையில்தான் தெரியும். நீங்கள் சுடும் பொத்தானை அழுத்தியது செருகப்பட்ட அந்த மூன்று படங்களுக்கும் தெரியாது. விளையாட்டு உங்கள் மவுஸைக் கவனிப்பது உண்மையான படத்தை வரையும்போது மட்டும். 30 எஃப்பிஎஸ்ஸில் ஓடும் விளையாட்டில் இரண்டு உண்மைப் படங்களுக்கு இடையே 33 மில்லி விநாடி. நான்கு மடங்காக்கினால் திரையின் மூலையில் 120 என்று எண் வரும். 120க்கு உரிய 8 மில்லி விநாடி இடைவெளி கண்ணுக்குக் கிடைக்கும். கைக்குக் கிடைப்பது பழைய 33தான், அதோடு நிறுத்திவைத்த தாமதமும் சேரும். தாமதத்தைக் குறைக்க ரிஃப்ளெக்ஸ் என்ற ஏற்பாடு உண்டு. அது ஓரளவு உதவுகிறது, செருகிய படத்தை உண்மைப் படமாக்கிவிடாது.

தனியாக விளையாடும் கதை விளையாட்டு, உண்மையிலேயே 60 எஃப்பிஎஸ் தரும் கார்டு, 144 ஹெர்ட்ஸுக்கு மேல் ஓடும் மானிட்டர், இந்த மூன்றும் இருந்தால் ஃபிரேம் ஜெனரேஷனைத் தாராளமாகப் போட்டுக்கொள்ளலாம். வேகம் போதாத கார்டை இது காப்பாற்றாது. வாங்குபவர் நம்புவதோ அது காப்பாற்றும் என்றுதான். அப்படி நம்ப வைத்திருக்கிறார்கள்.

2025 ஜனவரியில் லாஸ் வேகஸில் என்விடியாவின் தலைவர் ஜென்சன் ஹுவாங், 549 டாலர் ஆர்டிஎக்ஸ் 5070, 1,599 டாலர் 4090இன் செயல்திறனைத் தரும் என்று அறிவித்தார். 4090இல் 16,384 கோர்களும் 24 ஜிபி நினைவகமும் உண்டு. 5070இல் 6,144 கோர்களும் 12 ஜிபியும். அந்த ஒப்பீடு மூன்று படம் செருகும் வசதியை வைத்துச் செய்தது. அதை அணைத்துவிட்டுச் சோதித்தவர்களுக்கு 5070, முந்தைய 4070 சூப்பருக்கு அருகில்தான் வந்தது.

4கே திரையில் ஒரு படத்துக்குச் சுமார் 83 லட்சம் புள்ளிகள். நான்கு படத்துக்கு 3.3 கோடி. சிறிய அளவில் வரைந்ததை ஏஐயால் பெரிதாக்கும் டிஎல்எஸ்எஸ் வசதியை ‘பெர்ஃபார்மன்ஸ்’ நிலையில் வைத்தால், கார்டு ஒரே ஒரு படத்தை 1080பி அளவில், அதாவது சுமார் 21 லட்சம் புள்ளிகளாக வரைகிறது. மீதி எல்லாம் ஊகம். பதினாறில் ஒன்றுதான் வரைந்தது. ஊகம் நன்றாக இருப்பதை நான் மறுக்கவில்லை. அதை ‘செயல்திறன்’ என்று அச்சடித்து, முப்பதாயிரம் ரூபாயைச் சேர்த்து எடுத்துவரும் மாணவரிடம் விற்பதைத்தான் ஏற்க முடியவில்லை. 2025 மே 19ஆம் தேதி ஆர்டிஎக்ஸ் 5060 விற்பனைக்கு வந்தபோது பல விமர்சகர்களுக்கு முன்கூட்டியே டிரைவர் தரப்படவில்லை. முன்னோட்டத்துக்கு அனுமதி பெற்றவர்களுக்கு எந்த விளையாட்டை எந்த அமைப்பில் சோதிக்க வேண்டும் என்று நிபந்தனை இருந்ததாகவும் புகார் வந்தது. முதல் நாளில் வாங்கியவர்கள் விளம்பர எண்ணை நம்பித்தான் வாங்கியிருக்க முடியும்.

சீட்டில் இருந்த ‘8 ஜிபி’யும் இதோடு தொடர்புடையது. ஃபிரேம் ஜெனரேஷன் ஓடுவதற்கே கார்டின் நினைவகத்தில் இடம் வேண்டும். இன்றைய பெரிய விளையாட்டுகளில் 8 ஜிபி ஏற்கெனவே நிரம்பி வழிகிறது. நிரம்பினால் மிச்சம் கணினியின் ரேமுக்குப் போகும், ஆட்டம் திக்கித் திக்கி ஓடும். வசதியைப் போட்டால் வேகம் கூடுவதற்குப் பதில் குறையவும் செய்யலாம். 5060 டிஐ என்ற ஒரே பெயரில் 8 ஜிபியும் 16 ஜிபியும் விற்கிறார்கள். அறிவித்த விலையில் வித்தியாசம் 50 டாலர். பெட்டியில் அந்த எண்ணைத் தேடிப் பாருங்கள். என் கருத்தில் 5060 டிஐ 8 ஜிபியை யாரும் வாங்க வேண்டாம். 16 ஜிபிக்குப் பணம் எட்டுமானால் அதையோ, ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி 16 ஜிபியையோ வாங்கலாம். வேலரண்ட், ஜிடிஏ 5 போதும் என்பவருக்கு 5060 போதும்.

தவளக்குப்பம் மாணவர் மறுபடி அந்தக் கடைக்குப் போனால் கேட்கவேண்டியது: கார்டின் முழுப் பெயர் என்ன, 1080பியில் ஃபிரேம் ஜெனரேஷனை அணைத்தால் நான் விளையாடும் விளையாட்டில் எத்தனை எஃப்பிஎஸ்? பதிலைச் சீட்டிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள்.

மற்ற கேள்விகள்:

விண்டோஸ் 10லேயே இருக்கலாமா? மைக்ரோசாஃப்ட் கணக்கில் அமைப்புகளைச் சேமிக்க ஒப்புக்கொண்டால், 2026 அக்டோபர் 13 வரை கட்டணமின்றிப் பாதுகாப்புத் திருத்தம் கிடைக்கும்.

பத்தாம் தலைமுறை இன்டெல் போர்டில் 5060 ஓடுமா? ஓடும், ஆனால் அது எட்டு லேன் (தரவுப் பாதை) கார்டு, பழைய பிசிஐஇ 3.0 போர்டில் நினைவகம் நிரம்பும்போது அடி பலமாக விழும்.

2025இல் ஜிஎஸ்டி குறைந்ததே, கார்டு விலை இறங்குமா? கார்டுக்கு அதற்கு முன்பும் 18 சதவீதம், பின்பும் 18.

புதிய ஆன்லைன் விளையாட்டுச் சட்டம் நம்மைத் தடுக்குமா? 2025 ஆகஸ்டில் நிறைவேறிய சட்டம் பணம் கட்டி ஆடும் விளையாட்டுகளைத்தான் தடை செய்கிறது.

600 விஏ யூபிஎஸ் தாங்குமா? பொதுவாக அது 360 வாட் வரைதான். 145 வாட் எடுக்கும் 5060க்குச் சமாளிக்கும், பெரிய கார்டுக்குப் போதாது.

சென்னை ரிச்சி தெருவில் பழைய கார்டு மலிவாகக் கிடைக்கிறதே? கார்டுகளை வைத்துச் செய்த எத்தீரியம் மைனிங் 2022 செப்டம்பரில் நின்றபோது சந்தைக்கு வந்தவையும் அவற்றில் இருக்கலாம். கண்ணெதிரே அரை மணி நேரம் ஓட்டிக் காட்டாமல் பணம் தராதீர்கள்.

கடலோர வீட்டில் கார்டு துருப்பிடிக்குமா? பிடிக்கும், துருவுக்குப் பெரும்பாலும் வாரண்டியும் கிடையாது. கேபினெட்டைக் கடல் காற்று வரும் ஜன்னலை விட்டுத் தள்ளி வையுங்கள்.