தலைச்சன் பிள்ளையும் இரத்தப் பரிசோதனையும்

முதல் பிள்ளை சுமக்கிற பெண்ணுக்குத்தான் கர்ப்பகாலப் பிரஷர் நோய் அதிகம் வருகிறது. 20 வாரத்துக்குப் பிறகு பிரஷர் ஏறும், சிறுநீரில் புரதம் போகும். முற்றினால் வலிப்பு கண்டு தாய்க்கும் பிள்ளைக்கும் உயிராபத்து. "கால்தானே வீங்கியிருக்கு, பிள்ளைத்தாச்சிக்கு அது சகஜம்" என்பார்கள் லயத்தில். கால் வீக்கம் சகஜம்தான். ஆனால் பிரஷர் ஏறுவது பல சமயம் வெளியே தெரியாது.

கோளாறு தொடங்குவது நஞ்சுக்கொடியில். இரத்தக் குழாய்களை வளர்க்கும் பி.எல்.ஜி.எஃப். என்ற புரதத்தை அது சுரக்கிறது. கொடி சரியாகப் பதியாவிட்டால் இது குறைந்து, இதைத் தடுக்கும் இன்னொரு புரதம் கூடிவிடும். இரண்டையும் இரத்தத்தில் அளக்கலாம். 14 நாடுகளில் நடந்த ஆய்வு ஒன்று 2016-இல் வெளிவந்தது. நோய் இருக்குமோ என்று சந்தேகப்பட்ட பெண்களிடம் தடுப்புப் புரதம் மற்றதைப்போல் 38 மடங்குக்கு மேல் போகாவிட்டால், அடுத்த ஒரு வாரத்துக்கு அனேகமாகப் பயமில்லை என்று அதில் தெரிந்தது.

செலவு பிடிக்கும் சோதனை இது. எல்லாக் கிளினிக்கிலும் கிடையாது. நமக்குக் காவல் பிரஷர் பார்ப்பதும் சிறுநீர்ச் சோதனையும்தான். ஒருநாள் சம்பளம் போகுமே என்று கிளினிக் நாளைத் தள்ளிப் போடாதீங்கம்மா. கடும் தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி, முகமும் கையும் திடீரென்று வீங்குவது, இதில் எது கண்டாலும் அன்றைக்கே போங்கள். மாமியாரும் கூடப் போய் மிஸ்ஸி சொல்வதைக் கேட்டு வந்தால் இன்னும் நல்லது.