சித்தப்ரசாத்: அரசு எரித்த ஓவியங்கள்

சித்தப்ரசாத் 1915இல் வங்காளத்தின் நைஹாட்டியில் பிறந்தவர். எந்த ஓவியப் பள்ளியிலும் பயிலாமல், தாமாகவே வரையக் கற்றுக்கொண்டார். 1930களின் இறுதியில் பொதுவுடைமை இயக்கத்தில் சேர்ந்து, உழவர் போராட்டங்களுக்குச் சுவரொட்டிகள் வரைந்தார். பட்டாச்சாரியா என்ற சாதிப்பெயரையும் உதறினார்.

1943 வங்கப் பஞ்சத்தில் சுமார் 30 லட்சம் பேர் மாண்டதாகச் சொல்லப்படுகிறது. பர்மா ஜப்பானியர் வசமானதும் அங்கிருந்து வந்த அரிசி நின்றது. எதிரி கைக்குப் போய்விடும் என்று கரையோரப் படகுகளையும் நெல்லையும் ஆங்கில அரசே பறித்துக்கொண்டது. 1942 அக்டோபர் புயல் வங்காளத்தின் மிதினாப்பூர் மாவட்டத்தைச் சூறையாடியது. இவ்வளவுக்குப் பிறகும் அரசு அதைப் பஞ்சம் என்று முறைப்படி அறிவிக்கவில்லை. அறிவித்திருந்தால், பஞ்ச விதிகளின்படி நிவாரணம் தந்தாக வேண்டும்.

1943 நவம்பரில் சித்தப்ரசாத் மிதினாப்பூரில் ஊர் ஊராகச் சென்று, கறுப்பு மையில் கண்டதை வரைந்தார். துருத்திய விலா எலும்புகள், வெறித்த கண்கள், நாய்கள் நெருங்கும் பிணங்கள். உடற்கூறின் நளினம் அவருக்குப் பொருட்டல்ல. கோடுகள் முரட்டுத்தனமானவை, வலியை நேராகச் சொல்பவை. ஜெர்மனியில் ஏழைகளின் துயரை வரைந்து, நாஜிகளால் ஒதுக்கப்பட்ட கேத்தே கோல்விட்ஸின், உணர்ச்சியை முன்னிறுத்தும் எக்ஸ்பிரஷனிச மரபுக்கு இவை மிக நெருக்கம். ஆனால் சித்தப்ரசாத் இன்னொன்றும் செய்தார்: வரையப்பட்டவர்களின் பெயரையும் ஊரையும் குறித்தார். பஞ்சத்தை அறிவிக்க மறுத்த அரசுக்கு, இந்தப் படங்கள் சாட்சியங்களாக எதிரே நின்றன.

22 படங்களும் பயணக் குறிப்புகளும் சேர்ந்து 'ஹங்ரி பெங்கால்' (பசித்த வங்காளம்) என்ற சிறுநூலாயின. அச்சான 5,000 பிரதிகளை அரசு பறிமுதல் செய்து எரித்தது. குடும்பத்தார் காப்பாற்றிய ஒரு பிரதியைக் கொண்டு, 2011இல் டெல்லி ஆர்ட் கேலரி அதை அப்படியே மறுபதிப்பாக வெளியிட்டது.

அப்போது சென்னைக் கலைப் பள்ளியின் தலைவராக இருந்தவரும் ஒரு வங்காளி, தேவி பிரசாத் ராய் சௌத்ரி. மெரினாவின் உழைப்பாளர் சிலை அவர் வடித்தது. பசியால் வாடுவோரையும் அவர் வெண்கலத்தில் வார்த்தார். ஆனால் அவருக்கு முறையான பயிற்சியும் அரசுப் பதவியும் இருந்தன. சித்தப்ரசாத்துக்கு இரண்டும் இல்லை.

1946இல் பம்பாய் சென்றவர் அந்தேரியில் வறுமையிலேயே வாழ்ந்தார். 1940களின் முடிவில் பொதுவுடைமைக் கட்சியை விட்டு விலகினாலும், உழைக்கும் சிறுவர்களை லினோலியத்தில் செதுக்கி அச்சிடும் லினோகட் முறையில் படைத்தார். பல பிரதிகள் எடுக்கலாம், செலவும் குறைவு. எளியோர் வாங்கக்கூடிய கலை அது. குழந்தைகளுக்காகப் பொம்மலாட்டமும் நடத்தினார். செக்கோஸ்லோவாக்கியக் கலையுலகம் அவரை மதித்தது. பிராக் நகரின் தேசிய கலைக்கூடத்தில் அவர் படைப்புகள் உள்ளன. 1978இல் கொல்கத்தாவில் காலமானார்.