விளக்கேற்றியவர் வீட்டிலே இருட்டு!

சுவிட்சைத் தட்டுகிறோம், விளக்கு எரிகிறது. எரிய வைத்தவன் யார்? கம்பத்தில் ஏறிக் கம்பி கட்டும் தொழிலாளி. அவனைக் கண்ணால் காண்கிறோம். கண்ணுக்குத் தெரியாத இன்னொருவனும் உண்டு. எந்த வீட்டில் எத்தனை யூனிட் ஓடிற்று, எந்தத் தெருவில் மின்சாரம் நின்றது, யார் பணம் கட்டினார் என்ற கணக்கையெல்லாம் கணினியிலே காத்து நிற்பவன் அவன். அவன் கதையைத்தான் இன்று சொல்ல வந்திருக்கிறோம்.

நடந்த இடம் அமெரிக்கா. கலிபோர்னியாவின் தென்பகுதியில் ஏறத்தாழ ஒன்றரைக் கோடி மக்களுக்கு மின்சாரம் தரும் தனியார் நிறுவனம், சதர்ன் கலிபோர்னியா எடிசன். விளக்கால் புகழ்பெற்ற எடிசனின் பெயரையே சூடிக்கொண்ட நிறுவனம்!

அந்த நிறுவனம் தன் கணினிப் பிரிவிலே கை வைத்தது. ஏறத்தாழ 400 பேர் நீக்கப்படுவர், மேலும் 100 பேர் தாமே விலகுவர் என்று 2015 பிப்ரவரியில் செய்தி வந்தது. வேலை யாருக்குப் போயிற்று? டாடா கன்சல்டன்சி, இன்போசிஸ் என்ற இரண்டு இந்திய நிறுவனங்களுக்கு! ஒரு பகுதி வேலை கடல் கடந்து இந்தியாவுக்கு வந்தது. மறுபகுதியைச் செய்ய, எச்-1பி என்னும் அனுமதிச் சீட்டோடு நம் நாட்டு இளைஞர்கள் அங்கே போனார்கள்.

வேலை போனது கொடுமை. போன விதமோ அதனினும் கொடுமை! போகிறவன், வருகிறவனுக்குத் தொழில் கற்றுத்தர வேண்டுமாம். 'அறிவு மாற்றம்' என்று அதற்கு அழகான பெயர் வேறு! பல்லாண்டு உழைத்துச் சேர்த்த அனுபவத்தை அள்ளிக் கொடுத்துவிட்டு, வாயை மூடிக்கொண்டு வாசலைத் தாண்ட வேண்டும். வாய் திறந்தால் விலகல் தொகை போய்விடுமோ என்று அஞ்சி, பெயரை மறைத்தே பேசினார்கள் பாதிக்கப்பட்டவர்கள்.

2015 மார்ச் 17ஆம் நாள், அமெரிக்க மேலவையின் நீதிக்குழு முன் பேராசிரியர் ரான் ஹிரா கணக்கை வைத்தார். நிறுவனத்தின் கணினிப் பொறியாளருக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 1,10,000 டாலர். அந்த இரு நிறுவனங்கள் அனுப்பும் ஆளுக்கோ 65,000 முதல் 71,000 வரை. புரிகிறதல்லவா? திறமைக் குறைவால் அல்ல, கூலிக் குறைவால் வந்த மாற்றம் இது!

சட்டம் என்ன செய்தது? தூங்கவில்லை, கண்ணடித்தது! எச்-1பி ஆட்களையே பெரிதும் நம்பியுள்ள நிறுவனம், உள்ளூர்த் தொழிலாளியைப் பெயர்த்துவிட்டு ஆள் வைக்கக்கூடாது என்கிறது 1998ஆம் ஆண்டுச் சட்டம். ஆனால் ஆண்டுக்கு 60,000 டாலர் கொடுத்துவிட்டால் அந்தக் கட்டுப்பாடு இல்லை என்றும் அதே சட்டம் சொல்கிறது! பூட்டையும் செய்து, சாவியையும் பூட்டிலேயே தொங்கவிட்டார்கள். தொழிலாளர் துறை விசாரித்தது. சட்டமீறல் எதையும் காணவில்லை என்று 2015 செப்டம்பரில் இன்போசிஸ் அறிவித்தது. சட்டம் மீறப்படவில்லை, சரி. நீதி?

"நம் பையனுக்கு வேலை கிடைத்ததே, நமக்கென்ன?" என்று கேட்போர் உண்டு. அவர்களுக்குச் சொல்கிறோம்: கத்திக்கு ஊர் இல்லை! 2025 ஜூலையில் அதே டாடா கன்சல்டன்சி, தன் பணியாளரில் 2 விழுக்காட்டினரை, ஏறத்தாழ 12,000 பேரைக் குறைக்கப் போவதாக அறிவித்தது. ரோஸ்மீட் நகரில் அழுதவன் வேறு, சிறுசேரியில் கலங்குகிறவன் வேறு என்பது முதலாளியின் கணக்கு. அது நம் கணக்கன்று.

2025 செப்டம்பரில், புதிய எச்-1பி விண்ணப்பத்துக்கு 1,00,000 டாலர் கட்டணம் என்று ஆணையிட்டார் டிரம்ப். ஆள் போகும் வாசலுக்குப் பூட்டு! வேலை போகும் கம்பிக்கு? அங்கே வரும் ஆளைத் தடுத்தால், இங்கே வரும் வேலை நின்றுவிடுமா? வந்தவன்மீது பழி போடுவது எளிது. வரவழைத்தவனைக் கேள்வி கேட்பதுதான் அரிது.

கேள்வி கேட்க வலிமை வேண்டும். அந்த நிறுவனத்தில் கம்பம் ஏறும் தொழிலாளிக்குச் சங்கம் உண்டு: மின் தொழிலாளர் சகோதரத்துவச் சங்கத்தின் 47ஆம் கிளை. கணினி முன் அமர்ந்தவர்களுக்காகப் பேரம் பேச எந்தச் சங்கம் இருந்தது? தனித்தனியாக நின்றார்கள், தனித்தனியாக வெளியேறினார்கள்.

தகவல் தொழில்நுட்பப் பணியாளரும் சங்கம் அமைக்கலாம், தொழிலாளர் சட்டங்களிலிருந்து அந்த நிறுவனங்களுக்கு விலக்கில்லை என்று 2016இலேயே தெளிவுபடுத்தியது தமிழ்நாடு அரசு. ஆகவே தோழர்களே, பஞ்சாலையிலும் பணிமனையிலும் சங்கம் கண்ட நீங்கள், கழுத்திலே அடையாள அட்டை தொங்கவிட்டு வரும் உங்கள் வீட்டுப் பிள்ளையிடம் இன்றிரவு ஒன்று கேளுங்கள்: "தம்பி, உன் சங்கம் எது?"

அவன் சிரிக்கலாம். சிரித்த பின் சிந்திப்பான். சிந்தித்தால் சேருவான்!