கேலரிக் குரல்கள் – 9
ஒன்பது புள்ளியில் நின்ற அணி

2019 நவம்பர் 25, திங்கட்கிழமை இரவு. நேரு ஸ்டேடியத்தில் சென்னையின் எஃப்.சி.க்கும் ஹைதராபாத்துக்கும் ஆட்டம். 90 நிமிடம் ஓடி முடிந்தும் கோல் விழவில்லை. அந்த ஐ.எஸ்.எல். சீசனில் சென்னைக்கு அது ஐந்தாவது ஆட்டம். முந்தைய நான்கில் கோவாவிடம் 0-3, மும்பையுடன் 0-0, கொல்கத்தாவிடம் 0-1, பெங்களூருவிடம் 0-3. ஆக மொத்தம் 450 நிமிடம் ஆடியும் ஒரு கோல்கூட இல்லை. மறுநாள் வேலை இருக்கிறவர்கள் படியில் இறங்கத் தொடங்கிவிட்டார்கள்.

இன்ஜுரி டைமின் இரண்டாவது நிமிடத்தில் ஷெம்ப்ரி அடித்தார். சீசனின் முதல் கோல். இறங்கியவர்கள் திரும்ப ஏறி வருவதற்குள் கில்காலன் தலையால் முட்டி ஹைதராபாத்துக்குச் சமன் செய்துவிட்டார். தலையில் கை வைத்தவர்கள் கையை எடுக்கும் முன்பே வால்ஸ்கிஸ் இன்னொன்று அடித்தார். 2-1. மூன்று கோலும் 90 நிமிடத்துக்குப் பிறகு விழுந்தவை.

இப்படி ஓர் ஆட்டம் முடிந்தால் வேறு ஊரில் விடியவிடியக் கொண்டாடுவார்கள். பெரியமேடு பக்கம் வெளியே வந்த கூட்டத்தில் கேட்ட பேச்சு வேறு.

“மச்சி, இது ஜெயிச்சது இல்ல, தப்பிச்சது.”

“ஹைதராபாத்கிட்டயே இந்த நெலமைன்னா...”

தோற்றால் திட்டுவது எல்லா ஊர் ரசிகருக்கும் வரும். ஜெயித்த இரவில் முகம் சுளிக்க, முந்தைய வருடம் பட்ட அடி நினைவில் இருக்க வேண்டும். சென்னை கேலரிக்கு அது நிறையவே இருந்தது.

2018 மார்ச் 17 அன்று பெங்களூரு கண்டீரவா ஸ்டேடியத்தில், சொந்த ஊர்க் கூட்டத்தின் எதிரிலேயே பெங்களூருவை 3-2 என்று வீழ்த்திக் கோப்பை தூக்கிய அணி இது. சுனில் சேத்ரி 9-வது நிமிடத்திலேயே கோல் போட்ட பிறகு, மெயில்சன் ஆல்வஸ் தலையால் இரண்டும் ரஃபேல் அகஸ்டோ ஒன்றும் அடித்து வென்ற ஆட்டம். அதே அணி, அதே பயிற்சியாளர் ஜான் கிரிகோரி, அடுத்த சீசனில் 18 ஆட்டத்தில் 2 வெற்றி, 3 டிரா, 13 தோல்வி. ஒன்பதே புள்ளியோடு பத்து அணிகளில் பத்தாவது இடம். கிளப்பின் சின்னமே திருஷ்டி பொம்மையின் முகம்தான். அதைச் சட்டையில் மாட்டிக்கொண்டு ஆடியவர்கள் மேலேயே இப்படிக் கண் பட்டால் வேறு எதைக் கட்டித் தொங்கவிடுவது?

அதனால் 2019-20 சீசன் தொடங்கும்போதே கேலரி இரண்டு கட்சியாகப் பிரிந்திருந்தது. கிரிகோரி கப்பு குடுத்தவர், அவரை அனுப்பக்கூடாது என்று ஒரு கட்சி. கப்பு குடுத்தது சரி, அதுக்கப்புறம் என்ன குடுத்தார் என்று இன்னொரு கட்சி. முதல் கட்சியில் ஸ்டேடியத்துக்குத் தவறாமல் வருகிறவர்கள் அதிகம். கண்டீரவாவுக்கு பஸ் ஏறிப் போய்த் தொண்டை கிழியக் கத்தியவர்கள். நன்றி அவர்களுக்கு வெறும் வார்த்தை இல்லை. இரண்டாவது கட்சியில் இங்கிலீஷ் பிரீமியர் லீக் பார்த்து வளர்ந்த இளவட்டங்கள். அங்கே மூன்று ஆட்டம் தோற்றால் கோச்சின் பெட்டி வாசலுக்கு வந்துவிடும், இங்கே ஏன் வரவில்லை என்பது அவர்கள் கேள்வி.

இந்த இரு கட்சியும் சேர்ந்து ஒருவரைத் திட்டியது உண்டென்றால் அது சாங்தேயை. மிசோரம் பையன், மின்னல் வேகம், இடது கால் ஆட்டக்காரர். டெல்லியிலிருந்து அந்த வருடம்தான் வந்திருந்தார். பந்தை எடுத்துக்கொண்டு எல்லாரையும் தாண்டி ஓடுவார். கோல் வாசலுக்குப் போனதும் வெளியே அடித்துவிடுவார். “ஓடுறதெல்லாம் சரிடா தம்பி, உள்ள போடு!” என்று முதல் மாதம் முழுக்கக் கெஞ்சியவர்கள், இரண்டாவது மாதம், “வெளிய உக்கார வைங்க” என்று கேட்டார்கள். வால்ஸ்கிஸ் பற்றியும் நல்ல அபிப்பிராயம் இல்லை. லித்துவேனியாவிலிருந்து ஒரு ஸ்ட்ரைக்கரா என்ற சந்தேகம். பேச்சு எங்கே தொடங்கினாலும் கடைசியில் ஜெஜேயில் வந்து நிற்கும். முழங்கால் அறுவை சிகிச்சையால் அந்த சீசன் முழுக்க ஆடாத மிசோரம் ஸ்ட்ரைக்கர் ஜெஜே. “ஜெஜே இருந்திருந்தா...” என்ற பெருமூச்சுக்கு மறுப்பே கிடையாது. ஐஸ்வாலுக்கும் சென்னைக்கும் நடுவே பாதி இந்தியா கிடக்கிறது. ஆனாலும் அந்த கேலரியில் ‘நம்ம பையன்’ என்றால் முதலில் ஜெஜேதான். நெய்வேலியில் பிறந்த எட்வின் வான்ஸ்பாலும் சென்னைப் பையன் தனபால் கணேஷும் அதற்குப் பிறகுதான். இதைத் தமிழ் உணர்வில்லை என்று குறை சொன்னவர்களும் உண்டு. எனக்கு அது அந்த கேலரியின் அழகாகவே பட்டது.

இன்னொரு வகைப் பேச்சும் உண்டு. எந்த சீசனில் அணி அடியில் கிடந்தாலும் யாராவது ஒருவர் 2015-ஐ எடுப்பார். அந்த வருடமும் அணி ஒரு கட்டத்தில் பட்டியலின் அடியில் கிடந்தது. கடைசி நான்கு ஆட்டத்தையும் வென்று அரையிறுதிக்கு வந்தது. டிசம்பர் வெள்ளத்தில் சென்னையே மிதந்துகொண்டிருந்ததால் சொந்த ஊர் அரையிறுதியைப் புனேயில் ஆடி, கொல்கத்தாவை 3-0 என்று அடித்தது. கோவாவில் நடந்த இறுதியில் 90 நிமிடம் நெருங்கும்வரை 1-2 என்று பின்தங்கியிருந்துவிட்டு, எதிரணி கோல்கீப்பர் கட்டிமணியின் கையாலேயே ஒரு சுய கோலும், இன்ஜுரி டைமில் மெண்டோசாவின் கோலும் விழ, 3-2 என்று கோப்பை. “நம்ம டீமு தரையில விழுந்தாத்தான் எழும்பும்” என்பது இதிலிருந்து பிறந்த சித்தாந்தம். 2016-லும் விழுந்தது, எழும்பவில்லை. அதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை.

ஹைதராபாத் ஆட்டத்துக்கு மூன்று நாள் கழித்து ஒடிஷாவுடன் 2-2. ஆறு ஆட்டம், ஐந்து புள்ளி. நவம்பர் முடிகிறபோது கிரிகோரி விலகினார். டிசம்பர் முதல் வாரத்தில் ஓவன் கோய்ல் வந்தார்.

பிரீமியர் லீக் கட்சிக்கு அன்று கொண்டாட்டம். அவர்கள் பரீட்சைக்குப் படித்த பாடத்திலிருந்தே கேள்வி வந்துவிட்டது. 2009-ல் பர்ன்லியைப் பிரீமியர் லீக்குக்கு ஏற்றியவர் என்று ஒருவர் சொன்னால், போல்டனை 2012-ல் இறக்கியவரும் அவர்தான் என்று இன்னொருவர். அதற்குப் பிறகு போன இடங்களில் நிலைக்கவில்லை என்பதும் உண்மை. “ரிட்டயர்மென்ட்டுக்கு மெட்ராஸ் வராங்கப்பா எல்லாரும்” என்று கிரிகோரி கட்சிக்காரர் ஒருவர் முடித்துவைத்தார்.

முதல் ஆட்டம் ஜாம்ஷெட்பூரில் 1-1. அடுத்து சென்னையில் கேரளாவை 3-1. அதற்கடுத்து டிசம்பர் 26, கோவாவுடன். அந்த சீசனில் கேலரி என்ன பேசியது என்று தெரிய வேண்டுமென்றால் இந்த ஒரு ஆட்டம் போதும். இடைவேளைக்கு 0-3. கிறிஸ்துமஸுக்கு மறுநாள் குடும்பத்தோடு வந்தவர்கள் பிள்ளைகளுக்கு பாப்கார்ன் வாங்கிக் கொடுத்துவிட்டு, கிளம்பலாமா என்று மனைவியின் முகத்தைப் பார்க்கிற நேரம் அது. இரண்டாவது பாதியில் வேறு ஓர் அணி இறங்கியது போல் இருந்தது. கோவாவின் பாதியிலேயே பந்தைப் பிடுங்க ஆரம்பித்தார்கள். பிரேசில்காரர் கிரிவெல்லாரோ எங்கே நிற்கிறார் என்று கோவாவுக்கும் தெரியவில்லை, கேலரிக்கும் தெரியவில்லை. பந்து போய்ச் சேரும்போது மட்டும் அங்கே இருந்தார். முடிவில் 3-4. தோல்விதான். ஆனால் ஹைதராபாத்தை வென்ற இரவில் முனகிக்கொண்டு போன அதே ஜனம், தோற்ற இந்த இரவில் சென்ட்ரல் வரைக்கும் சத்தமாகப் பேசிக்கொண்டு போனது. மேளம் அடிக்கிற பையன்கள் ஸ்டேடியம் காலியான பிறகும் நிறுத்தவில்லை.

சென்னை லீகில் பல வருடம் டிஃபென்ஸ் ஆடிய பெரியவர் ஒருவர் அன்று சொன்ன விளக்கம்தான் எனக்குத் தெளிவாக இருந்தது. “முன்ன இவங்க ஃபார்வர்டுக்கும் டிஃபென்ஸுக்கும் நடுவுல லாரி திரும்பலாம் தம்பி. இப்ப சைக்கிள்கூடப் போவாது. பின்னாடி இருக்கறவன முன்னால வரச் சொல்லிட்டான் இந்த கோச். அதனால முதுகுக்குப் பின்னாடி அடி வாங்குறோம், ஆனா பந்து நம்மகிட்ட இருக்கு. இது நல்லதுக்குத்தான்.”

பட்டியல் அவரை ஆதரிக்கவில்லை. ஜனவரி 6-ல் புவனேஸ்வரில் ஒடிஷாவிடம் 0-2. பத்து ஆட்டத்தில் ஒன்பது புள்ளி. அந்த ஒன்பதைப் பார்த்ததும் கேலரிக்குக் குசும்பு வந்துவிட்டது. “போன வருஷம் 18 மேட்ச்ல 9. இந்த வருஷம் 10 மேட்ச்லயே 9. இது முன்னேற்றம் இல்லியா?” என்று கேட்டவருக்கு யாரும் பதில் சொல்லவில்லை. மிச்சம் எட்டு ஆட்டம்.

பிறகு நடந்ததை வேகமாகச் சொல்லிவிடலாம், ஏனென்றால் அது அவ்வளவு வேகமாகத்தான் நடந்தது. ஹைதராபாத்தில் 3-1. நார்த்ஈஸ்ட்டை 2-0, இதில் எதிரணி கோல்கீப்பர் தடுமாறிய பந்தைப் பிடித்து கிரிவெல்லாரோ வெகு தொலைவிலிருந்து தலைக்கு மேலாகத் தூக்கி அடித்ததை, பார்த்தவர்கள் இன்னும் கையால் வளைத்துக் காட்டுகிறார்கள். ஜாம்ஷெட்பூரை 4-1. பிப்ரவரி 1-ல் கொச்சியில் கேரளாவை 6-3. அந்த ஆறில் கிரிவெல்லாரோ இரண்டு, வால்ஸ்கிஸ் இரண்டு, வெளியே உட்கார வைக்கச் சொன்ன சாங்தே இரண்டு. பெங்களூருவுடன் 0-0, கொல்கத்தாவில் 3-1, மும்பையில் 83-வது நிமிடத்தில் கேப்டன் கோயான் அடித்த ஒரே கோலில் வெற்றி, நான்காம் இடம் உறுதி. கடைசியாக நார்த்ஈஸ்ட்டுடன் 2-2. எட்டு ஆட்டத்தில் ஆறு வெற்றி, இரண்டு டிரா, 20 புள்ளி. மொத்தம் 29.

இப்போது கணக்கை வேறு மாதிரி பாருங்கள். கிரிகோரியின் ஆறு ஆட்டத்தில் 4 கோல். கோய்லின் பன்னிரண்டு ஆட்டத்தில் 28. ஆட்கள் பெரும்பாலும் அதே ஆட்கள். கோல் அடிக்க ஆள் இல்லை என்று நவம்பரில் கேலரி ஒரே குரலில் சொன்னது; வால்ஸ்கிஸ் 15 கோலோடு சீசனின் தங்கக் காலணியை வாங்கினார், சாங்தே 7 அடித்தார். ஆளைப் பற்றிச் சொன்ன தீர்ப்பெல்லாம் தப்பாய்ப் போயிற்று. ஆனால் அந்தப் பெரியவர் போல, ஆளை விட்டுவிட்டு இடத்தைப் பற்றிப் பேசியவர்கள், ‘நடுவுல ஆளே இல்ல’, ‘வால்ஸ்கிஸ் தனியா நிக்கிறான்’ என்று அக்டோபரிலேயே கத்தியவர்கள், பயிற்சியாளருக்கு முன்பே சரியாகப் பார்த்திருக்கிறார்கள். உயரத்தில் உட்கார்ந்திருப்பவனுக்கு மைதானத்தின் காலி இடம் தெரிகிற அளவுக்கு ஆட்டக்காரனின் மனசு தெரியாது. வால்ஸ்கிஸ் நவம்பரில் சோம்பேறியாகத் தெரிந்ததற்குக் காரணம், அவர் ஓடிப் போய் நின்ற இடத்துக்குப் பந்து அனுப்ப முப்பது கஜத்துக்குள் ஒருவரும் இல்லாததுதான்.

பிப்ரவரி 29-ல் அரையிறுதியின் முதல் ஆட்டம், சென்னையில், மறுபடி கோவா. 4-1. கோயான், தாபா, எலி சாபியா, சாங்தே. அன்று 2015 சித்தாந்தக்காரர்களுக்கு ராஜ மரியாதை. கோவாவில் மறு ஆட்டம் 2-4, மொத்தத்தில் 6-5 என்று மூச்சு வாங்கித் தேறினார்கள். மார்ச் 14-ல் கோவாவில் இறுதிப் போட்டி. ரயிலில் இடம் பிடித்து, டிக்கெட்டும் எடுத்து வைத்திருந்தவர்கள் உண்டு. கொரோனா வந்து ஸ்டேடியத்தைப் பூட்டிவிட்டது. காலி நாற்காலிகளுக்கு நடுவே கொல்கத்தா 3-1 என்று வென்றது. ஹவி ஹெர்னாண்டஸ் இரண்டு, எடு கார்சியா ஒன்று; சென்னைக்கு வால்ஸ்கிஸ் ஒன்று.

“நாம இருந்திருந்தா வேற மாதிரி போயிருக்கும்” என்று இன்றும் வாதாடுகிறவர்களை நான் கேட்டிருக்கிறேன். எனக்கு நம்பிக்கை இல்லை. முன்னேறி ஆடுகிற அணியின் முதுகில் அடிப்பது எப்படி என்று அன்று கொல்கத்தாவின் கோச் ஹபாஸுக்குத் தெரிந்திருந்தது. டிசம்பரில் பெரியவர் சொன்ன விலை அது. கட்ட வேண்டிய நாள் இறுதிப் போட்டியாக அமைந்துவிட்டது.

ஆனால் கேலரிக்கு இதைவிடப் பெரிய வழக்கு ஒன்று மிச்சம் இருக்கிறது: அந்த சீசனைத் தூக்கி நிறுத்தியது கோச்சா, ஆட்களா? அடுத்த வருடம் கோய்லும் வால்ஸ்கிஸும் ஒன்றாக ஜாம்ஷெட்பூருக்குப் போய்விட்டார்கள். சென்னை 20 ஆட்டத்தில் 17 கோல் அடித்து, 11 டிராவோடு எட்டாவது வந்தது. கோச் கட்சி, பாத்தியா என்றது. ஆட்கள் கட்சி, வால்ஸ்கிஸும்தானே போனான் என்றது. 2023-ல் கோய்ல் திரும்ப வந்தபோது வழக்கு மறுவிசாரணைக்கு வந்தது. முதல் வருடம் ஆறாவதாக வந்து பிளேஆஃப் போனார். கோச் கட்சி நிமிர்ந்தது. அடுத்த வருடம் அணி கீழே சரிந்தது. ஆட்கள் கட்சி சிரித்தது. போன மாதம் பெரியமேட்டு டீக்கடையில் இரண்டு தரப்பும் சந்தித்தபோது, டீ ஆறுகிற வரைக்கும் பேசிவிட்டு, ஒரே ஒரு விஷயத்தில் ஒத்துப்போனார்கள்: அந்த ஹைதராபாத் மேட்ச்சுக்குப் பாதியிலே எழுந்து போனவன் யாரும் நம்மகிட்ட பேசக்கூடாது.

அடுத்த வாரம்: கொச்சியின் மஞ்சள் கேலரி.

(தொடரும்)