ஐபாடும் சிங்கப்பூர்ப் போட்டியாளரும்

ஆப்பிள் நிறுவனம் 2001 அக்டோபரில் ஐபாடை அறிவித்தபோது, கையில் எடுத்துச் செல்லும் டிஜிட்டல் பாட்டுப் பெட்டி சந்தைக்குப் புதிய சரக்கன்று. கேட்கும் தரம் பெரிதும் கெடாமல் ஒலிக்கோப்பை ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்காகச் சுருக்கும் எம்பி3 முறையை நம்பி 1998இல் வந்த டயமண்ட் ரியோ, தன் 32 மெகாபைட் நினைவகத்தில் அரை மணி நேரப் பாட்டையே கொண்டிருந்தது. கணினி ஒலி அட்டைகளால் பெயர் பெற்றிருந்த சிங்கப்பூரின் கிரியேட்டிவ் டெக்னாலஜி, 2000இல் வெளியிட்ட நோமாட் ஜூக்பாக்ஸில் மடிக்கணினிக்குரிய 6 ஜிகாபைட் வன்தட்டைப் பொருத்தி அந்தப் பற்றாக்குறையைப் போக்கியது.

ஆனால் அவ்வன்தட்டின் பருமனால் கருவி சிடி பிளேயர் அளவுக்குப் பெருத்தது. அதைவிடப் பெரிய இடையூறு, கணினியிலிருந்து பாடல்களை ஏற்றுவதில் இருந்தது: அக்கால யூஎஸ்பி இணைப்பின் உச்ச வேகமே நொடிக்கு 12 மெகாபிட் என்பதால், தட்டை நிரப்ப மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருந்தது. ஆப்பிளோ தோஷிபாவின் 1.8 அங்குல வன்தட்டையும், தன் மேக் கணினிகளில் ஏற்கெனவே இருந்த, நொடிக்கு 400 மெகாபிட் கடத்தவல்ல ஃபயர்வயர் இணைப்பையும் சேர்த்து, ஏறத்தாழ 1,000 பாடல்களைப் பத்தே நிமிடங்களில் ஏற்றும் வசதியைத் தந்தது. 399 டாலர் விலையும், மேக் கணினியோடு மட்டுமே இணங்கும் கட்டுப்பாடும் தொடக்கத்தில் விற்பனையைத் தடுத்தன.

2003இல் ஒரு பாடலை 99 சென்டுக்கு விற்கும் இணையக் கடையைத் திறந்த ஆப்பிள், அதே ஆண்டில் அதனை விண்டோஸ் கணினிகளுக்கும் விரித்தது. அங்கு வாங்கிய பாடல்கள் ஃபேர்பிளே என்னும் நகல் தடுப்புப் பூட்டுடன் வந்ததால், பாடல் சேரச் சேர வாடிக்கையாளர் வேறு நிறுவனக் கருவிக்கு மாறுவது கடினமாயிற்று. 1979இல் வாக்மேனைத் தந்த சோனி, சொந்தமாக இசை நிறுவனமும் நடத்தியதால் திருட்டு நகலுக்கு அஞ்சி, எம்பி3யைத் தவிர்த்துத் தன் அட்ராக் கோப்பு முறையையே நெடுங்காலம் வற்புறுத்தித் தன்னைத்தானே பின்னுக்கு இழுத்துக்கொண்டது. கிரியேட்டிவின் பிழை வேறு: பண்பலை வானொலி, குரல் பதிவு, கழற்றி மாற்றும் மின்கலம் என வசதிகளை அடுக்கிய அந்நிறுவனம், பாட்டு வாங்குவதிலிருந்து கேட்பது வரையிலான வழி முழுவதையும் தன் பொறுப்பாகக் கொள்ளவில்லை.

ஆயினும் சட்டப்படி அதன் கையில் ஒரு வலுவான சீட்டு இருந்தது. பாடகர், இசைத்தொகுப்பு, பாடல் என்று படிப்படியாக இறங்கித் தேடும் பட்டியல் அமைப்புக்கு, ஐபாட் வெளிவருவதற்கு முன்பே, 2001 ஜனவரியில், காப்புரிமை கோரியிருந்த கிரியேட்டிவ், 2005இல் அதைப் பெற்று, அடுத்த மே மாதத்தில் ஆப்பிள்மீது வழக்குத் தொடுத்தது, ஆப்பிள் எதிர்வழக்காடியது. மூன்றே மாதங்களில் ஆப்பிள் 10 கோடி டாலர் தருவதாக இசைந்து பிணக்கை முடித்துக்கொண்டது. அந்நிதியாண்டில் மட்டும் 3 கோடியே 90 லட்சத்துக்கும் அதிகமான ஐபாடுகளை விற்ற நிறுவனத்துக்கு அது பெருந்தொகையன்று. அதே உடன்பாட்டின்போது, ஐபாடுக்கான துணைக்கருவிகள் செய்யும் நிறுவனங்களின் வரிசையில் தானும் சேர்வதாகக் கிரியேட்டிவ் அறிவித்தது.