புல்லட்டுக்கும் மூச்சு முட்டும்

கோட்டைப்பட்டினம் பக்கம் கடற்காத்து எழும்பினா மணலும் உப்பும் வீட்டு முற்றம் வரைக்கும் வரும். கண்மாய்க்கரைப் பாதையில போனா செம்புழுதி. அறுவடை சமயத்துல களத்துத் தூசி, உமி. நம்ம மூக்குக்குத் துண்டு கட்டிக்குறோம். வண்டிக்கு அந்தத் துண்டுதான் ஏர் பில்டர்.

ஒரு லிட்டர் பெட்ரோல் சரியாக எரிய ஏறக்குறைய 9,000 லிட்டர் காற்று வேண்டும். எடைக் கணக்கில் ஒரு பங்கு பெட்ரோலுக்குச் சுமார் 15 பங்கு காற்று. அத்தனையும் உள்ளங்கை அளவு பில்டர் வழியாகத்தான் போகணும்.

நம்ம பக்கம் இன்னும் ஓடுகிற பழைய புல்லட்டுகள் சென்னை திருவொற்றியூரில் செய்தவை. இங்கிலாந்து என்பீல்டு கம்பெனியோடு மெட்ராஸ் மோட்டார்ஸ் கைகோத்து 1955-ல் ஆரம்பித்தது. 1970 வாக்கில் அங்கே கடையை மூடிவிட்டார்கள், இங்கே நிற்கவில்லை. அப்பா காலத்து வண்டி இன்னும் விதைநெல் மூட்டை சுமக்குதென்றால், அதைத் திறந்து மூட நமக்கே கை பழகியிருப்பதும் ஒரு காரணம்.

என் வண்டியில நான் செய்த முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். இழுவை குறைஞ்சிருக்குன்னு ஒரு பட்டறைக்குப் போனேன். "அண்ணே, பில்டரைக் கழட்டிப் போட்டுட்டு ஓட்டுங்க, பிச்சுக்கிட்டுப் போகும்" என்றார் தம்பி. போகத்தான் செய்தது. ரெண்டு போகம் அப்படியே ஓட்டினேன். அப்புறம் நீலப்புகை, இன்ஜின் ஆயிலை அடிக்கடி ஊற்ற வேண்டியதாச்சு. சிலிண்டரைக் கழட்டினால் உள்சுவரில் நெட்டுக்குக் கோடு கோடாகக் கீறல். மணல் இரும்பைவிடக் கடினம். ஆயிலோடு சேர்ந்தால் சாணைக்கல் மாதிரி அரைக்கும். கடைசியில் ரீபோர் போட்டு, பெரிய அளவு பிஸ்டன் வாங்க வேண்டியதாயிற்று. அந்தக் காசுக்கு எத்தனையோ பில்டர் வாங்கியிருக்கலாம்.

அடைச்சுப்போன பில்டருக்கு அடையாளம் வேறு. கறுப்புப் புகை வரும், மைலேஜ் இறங்கும், பிளக்கைக் கழட்டினால் கரி பூத்திருக்கும். காற்று குறைந்து பெட்ரோல் மிஞ்சுவதால் வரும் கோளாறு அது. கார்புரேட்டரில் கை வைக்கும் முன்னால் பில்டரைப் பாருங்கள்.

பெட்டியைத் திறந்ததும் என்ன வகைன்னு பார்க்கணும். பேப்பர் பில்டரா, தண்ணியும் கூடாது, எண்ணெயும் கூடாது. தரையில் மெதுவாகத் தட்டி, உள்ளிருந்து வெளியே லேசாகக் காத்தடிக்கணும். பஞ்சர் கடைக் குழாயை ஒட்டி வைத்து அடித்தால் காகிதம் கிழிந்துவிடும். பிறகு வெயிலில் தூக்கிப் பிடியுங்கள். வெளிச்சம் ஊடுருவலைன்னா, எண்ணெய் ஊறியிருந்தா, குண்டூசி அளவு ஓட்டை தெரிஞ்சா மாத்திடுங்க. பழசைச் சுத்தம் பண்ணி மிச்சம் பிடிக்கிற வேலையெல்லாம் அங்கே உதவாது.

ஸ்பாஞ்சு வகையைச் சோப்புத் தண்ணியில் அலசலாம். முறுக்கிப் பிழியாதீங்க, உள்ளங்கையில் வைத்து அமுக்குங்க. நிழலில் நல்லாக் காய்ந்த பிறகு கொஞ்சம் இன்ஜின் ஆயில் தடவி, மிச்சத்தை அமுக்கி எடுத்துவிட்டு மாட்டணும். அந்த ஈரப்பசைதான் தூசியைப் பிடிக்கும். பெட்ரோலில் அலசுகிற பழக்கம் வேண்டாம். தீப்பிடிக்கும் ஆபத்து ஒருபுறம், ஸ்பாஞ்சு உதிர்ந்துபோவது இன்னொரு புறம். கம்பிவலை வகையை மண்ணெண்ணெயில் கழுவி, அதே மாதிரி ஆயில் தடவலாம்.

இதுல பலரும் கோட்டைவிடுகிற இடம், பெட்டிக்கும் கார்புரேட்டருக்கும் நடுவில் இருக்கிற ரப்பர் குழாய். அது வெடித்திருந்தால் புது பில்டர் போட்டும் பயனில்லை. தூசி அந்த வெடிப்பு வழியே நேராக உள்ளே போகும். ரெண்டு மூணு வாரம் நிறுத்தி வைத்த வண்டியென்றால் பெட்டிக்குள் குளவி கூடு கட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள். பயிருக்கு அது நண்பன்தான், ஆனாலும் மண்கூடு உதிர்ந்து உள்ளே போனால் இன்ஜினுக்கு எமன்.

எத்தனை கிலோமீட்டருக்கு ஒருதடவை என்று கேட்பீர்கள். தார்ச்சாலையில் ஓடும் வண்டிக்குச் சொன்ன கணக்கு நமக்குச் சரிவராது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் மட்டும் போனால் பொறுக்கலாம். கண்மாய்க்கரையிலும் களத்திலும் சுற்றுகிற வண்டியை அறுவடை முடிந்த கையோடு திறந்து பார்த்துவிட வேண்டும்.

கழுவின மண்ணெண்ணெயை வரப்பில் ஊற்றாதீர்கள். ஒரு பாட்டிலில் அடைத்துத் தெளியவிட்டால், மேலே நிற்பதை அடுத்த தடவைக்கும் வைத்துக்கொள்ளலாம்.